புஷ் போனது யாருக்குத் தெரிய வேண்டும்? மெயிலுக்கும் பதிவேட்டுக்கும் நான்கு வழிகள்

கிளிநொச்சியில் கரடிபோக்குச் சந்திக்குக் கிட்ட, ஒரு கடையின் மேல்மாடியில் எங்கள் அறை. ஐந்து பேர் சேர்ந்து கூட்டுறவுச் சங்கங்களுக்கான மென்பொருள் எழுதுகிறோம்: அங்கத்தவர் கணக்கு, நெல் கொள்வனவு, உரக் கடன். இரண்டு பேர் தினமும் அறைக்கு வருவோம். ஒருவர் விசுவமடுவில், ஒருவர் மாங்குளத்தில், ஐந்தாமவர் வவுனியாவில் இருந்து வேலை செய்கிறார்கள். கோட் முழுவதும் அறையின் மூலையில் இருக்கும் ஒரு பழைய டெஸ்க்டொப்பில், லினக்ஸில், கிட் களஞ்சியமாக இருக்கிறது. (கிட் என்பது கோட்டின் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாற்றோடு வைத்திருக்கும் மென்பொருள். சேமித்த ஒரு மாற்றம் கொமிட், தனியாக வளரும் மாற்றத் தொடர் கிளை, நம் கணினியிலிருந்து சேர்வருக்கு அனுப்புவது புஷ்.) அதற்கும் முந்திய ஒரு சப்வெர்ஷன் (இதே வேலைக்கான பழைய மென்பொருள்) களஞ்சியம் அதே பெட்டியில் இன்னும் ஓடுகிறது.

கடந்த காலபோக அறுவடை தொடங்கிய கிழமை, ஒரு சங்கக் கந்தோரிலிருந்து போன் வந்தது. தராசில் 62 கிலோ காட்டும் மூட்டைக்கு ஈரப்பதன் கழிவே இல்லாமல் 62 கிலோவுக்கும் காசு போகிறது என்றார்கள். தேடிப் பார்த்தால், கழிவைக் கணக்கிடும் பகுதியே மெயின் கிளையில் இல்லை. யாரோ ஃபோர்ஸ் புஷ் (சேர்வரில் இருப்பதைத் தள்ளிவிட்டுத் தன் பிரதியை ஏற்றும் புஷ்) கொடுத்ததில் அதற்கு முந்திய இரண்டு நாள் வேலை விலகிப் போயிருந்தது. கிட் லொக்கைத் திறந்தால் எல்லாம் ஒழுங்காக இருப்பது போலவே தெரிந்தது. அந்த லொக் இப்போது கிளையில் இருக்கும் கொமிட்டுகளை மட்டும்தான் காட்டும். நேற்று இருந்து இன்று இல்லாமல் போனதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. விசுவமடுத் தம்பியின் லாப்டொப்பில் பழைய பிரதி கிடந்தபடியால் தப்பினோம். எங்கள் பிழையால் ஒரு சங்கத்தின் பணம் பிழையாகப் போனது என்ற எண்ணம் இன்னும் எனக்கு உறுத்துகிறது.

அதன் பிறகுதான் உட்கார்ந்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் மெயில் வரவும் பதிவு இருக்கவும் என்னென்ன வழி உண்டு என்று பார்த்தோம். இதே நிலையில் இருக்கும் சின்னக் குழுக்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இரணைமடுக் குளத்தில் வான்கதவு திறந்தால், கீழே பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கத்துக்கு உடனே தகவல் போக வேண்டும். எத்தனை கதவு, எவ்வளவு உயரம், எத்தனை மணிக்கு என்பது எழுத்திலும் இருக்க வேண்டும். 2018 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த எவருக்கும் இரண்டும் தேவை என்பது விளங்கும். தகவல் பிந்தினால் ஒருவிதச் சேதம். எழுத்து இல்லாவிட்டால் பிறகு எதையும் தீர்த்துக் கதைக்க முடியாது. மெயில் என்பது தகவல். பதிவேடு என்பது எழுத்து. நாங்கள் பார்த்த வழிகளில் பல, முதலாவதை மட்டும் நன்றாகச் செய்துவிட்டு இரண்டாவதையும் செய்ததாகத் தோற்றம் தருகின்றன.

வழி ஒன்று: கிட்ஹப், கிட்லாப் தருகிறதை எடுத்துக்கொள்வது

கிட் களஞ்சியங்களை இணையத்தில் வைத்துத் தரும் சேவைகள் இவை. எல்லாவற்றிலும் இலகுவானது இதுதான். ஆனால் கிட்ஹப்பில் ஒரு களஞ்சியத்தை 'வொச்' பண்ணினால் புஷ் செய்தியும் வரும் என்று பலர் நினைக்கிறார்கள், வராது. அது இஷ்யூ, புல் ரிக்வெஸ்ட், வெளியீடு போன்றவற்றுக்குத்தான். புஷ் செய்தி வேண்டுமென்றால் களஞ்சியத்தின் அமைப்புப் பக்கத்தில் மின்னஞ்சல் அறிவிப்பு என்று தனியாக உண்டு, அதில் இரண்டு முகவரிக்கு மேல் போட முடியாது. ஐந்து பேருக்குப் போக வேண்டுமென்றால் ஒரு குழு முகவரி வைத்து அதைக் கொடுக்கலாம். கிட்லாப்பில் பல முகவரிகள் போடலாம், கோட் வித்தியாசங்களை மெயிலில் சேர்க்க வேண்டாம் என்றும் சொல்லலாம்.

மெயில் ஸ்பாமுக்குள் விழுமா என்ற கவலை இதில் எங்களுடையது இல்லை, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பதிவும் ஓரளவு உண்டு: கிட்ஹப்பின் செயற்பாட்டுப் பக்கத்தில் யார் புஷ் செய்தார், யார் ஃபோர்ஸ் புஷ் செய்தார், எந்தக் கிளை அழிந்தது என்பது தெரியும். தனியார் களஞ்சியங்களுக்கு 2020 ஏப்ரலிலிருந்து ஆள் எண்ணிக்கைக் கட்டுப்பாடும் இல்லை. கோட் வெளியே இருப்பதில் உங்களுக்குத் தடை இல்லையென்றால், இணைப்பு நம்பிக்கையாக இருந்தால், இதற்கு மேல் யோசிக்க வேண்டாம், இதையே எடுங்கள்.

எங்களுக்கு இரண்டு தடைகள். சங்கங்களுடன் செய்த உடன்படிக்கைப்படி கோட் எங்கள் பெட்டியிலேயே இருக்க வேண்டும். மற்றது, மழைக்காலத்தில் இணைப்புப் போகும் நாட்களிலும் அறைக்குள் இருக்கும் இருவரும் ஒருவர் வேலையை மற்றவர் எடுத்துக்கொண்டு தொடர வேண்டும். உள்ளூர் சேர்வர் என்றால் கேபிள் போதும்.

வழி இரண்டு: எழுதி வைத்திருக்கும் ஸ்கிரிப்ட்

நமது சேர்வரில் கிட் இருந்தால், எல்லாம் தொடங்கும் இடம் போஸ்ட்-ரிசீவ் ஹூக். புஷ் வந்து கிளைகள் புதுப்பிக்கப்பட்டதும் கிட் இந்த ஸ்கிரிப்டை ஓட்டும். கிளைக்கு ஒரு வரியாக மூன்று விஷயங்களைக் கொடுக்கும்: பழைய கொமிட் எண், புதிய கொமிட் எண், கிளையின் பெயர். பழையது 40 சுழியமாக வந்தால் கிளை புதிதாகப் பிறந்திருக்கிறது. புதியது 40 சுழியமாக வந்தால் கிளை அழிந்துவிட்டது.

கிட்டுடன் கூடவே வந்த பழைய போஸ்ட்-ரிசீவ்-ஈமெயில் என்ற ஷெல் ஸ்கிரிப்ட் பலருக்குத் தெரிந்திருக்கும். அதை இப்போது எடுக்க வேண்டாம். அதன் தலைப்பிலேயே, இது இனி வளர்க்கப்படவில்லை, கிட்-மல்டிமெயிலைப் பாருங்கள் என்று எழுதியிருக்கிறது. கிட்-மல்டிமெயில் பைதனில் எழுதியது. ஒவ்வொரு புஷ்ஷுக்கும் ஒரு சுருக்க மெயில், ஒவ்வொரு கொமிட்டுக்கும் தனி மெயில் என்று அனுப்பும். எந்த வகை யாருக்குப் போக வேண்டும் என்று பிரிக்கலாம். ஃபோர்ஸ் புஷ்ஷில் எந்தக் கொமிட்டுகள் விலகின என்பதையும் பட்டியலிட்டுச் சொல்லும். எங்களுக்கு அரை நாளில் ஓடியது. நல்ல வேலை, மனமாரச் சொல்கிறேன்.

ஆனால் அது மெயில் அனுப்பும் கருவி. பதிவேடு உங்கள் இன்பொக்ஸ்தான் என்று அது எடுத்துக்கொள்கிறது. ஒருவர் ஜிமெயிலைத் துப்புரவாக்கினால் அவருடைய பதிவேடும் போய்விடும். அத்தோடு, ஒரு நாளில் முப்பது மெயில் வந்தால் மூன்றாம் நாள் ஒருவரும் திறக்க மாட்டார்கள். எங்கள் அறையில் அதுதான் நடந்தது.

வழி மூன்று: ஹூக்கிலேயே நேரே மெயில்

இருபது வரி ஷெல் ஸ்கிரிப்ட், கடைசி வரியில் ஜிமெயிலுக்குத் தொடர்பு. எல்லோரும் முதலில் செய்வது இதுதான், நாங்களும் செய்தோம். இதை ஏன் விட்டோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிழை வெளியில் தெரியாத மாதிரி வரும்.

ஒரு பின்னேரம் மாங்குளத்துத் தம்பி புஷ் கொடுத்தார். நூறு வீதம் என்று காட்டிவிட்டுத் திரை அப்படியே நின்றது. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். போகவில்லை என்று நினைத்து கொன்ட்ரோல்-சி அழுத்தினார். திரும்பப் புஷ் கொடுத்தால், எல்லாம் ஏற்கெனவே வந்துவிட்டது என்று கிட் சொல்கிறது. கோட் வந்திருந்தது, மெயில் வரவில்லை, பிறகும் வரவேயில்லை.

நடந்தது இதுதான். கிளை புதுப்பிக்கப்பட்ட பின்னர்தான் போஸ்ட்-ரிசீவ் ஓடும். ஆனால் அது முடியும்வரை புஷ் கொடுத்தவரின் இணைப்பு விடுபடாது. நம்முடைய ஹூக், அறையில் இணைப்பு மந்தமாக இருந்ததால் ஜிமெயிலின் பதிலுக்குக் காத்துக் கிடந்தது. அவர் துண்டித்ததும் ஹூக்கும் நடுவில் விழுந்துவிட்டது. இரண்டாவது புஷ்ஷில் புதிதாக ஒன்றும் இல்லை, ஆகவே ஹூக் ஓடவேயில்லை. அந்த மாற்றத்தின் செய்தி என்றென்றைக்குமாகத் தொலைந்தது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய காலத்தை நினைத்துப் பாருங்கள். யூ.பி.எஸ்ஸில் பெட்டி ஓடினாலும், ரவுட்டரும் தொலைபேசிக் கோபுரமும் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. அப்படியான இடத்தில் இணைப்பை நம்பி ஹூக் எழுதக்கூடாது.

இதற்கு ஒரு திருத்தம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். அதே பெட்டியில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சேர்வரைப் போட்டு, ஹூக் அதனிடம் மட்டும் மெயிலைக் கொடுத்தால் உடனே திரும்பிவிடும். போஸ்ட்ஃபிக்ஸ் வரிசையில் வைத்து, இணைப்பு வந்ததும் அனுப்பும். வழமையான அமைப்பில் ஐந்து நாள்வரை முயற்சி செய்யும். எம்.எஸ்.எம்.டி.பி. என்ற சின்னக் கருவி அமைக்க இலகு, ஆனால் அதற்குத் தானாக வரிசை கிடையாது. வன்னியில் இருப்பவர்களுக்கு நான் போஸ்ட்ஃபிக்ஸைத்தான் சொல்வேன். அதிலிருந்து நேரே வெளியே அனுப்ப வேண்டாம், வீட்டு இணைப்பிலிருந்து கிளம்பும் மெயில் பெரும்பாலும் ஸ்பாமில் விழும் அல்லது மறுக்கப்படும். 587 போர்ட்டில் ஜிமெயில் வழியாகவோ வேறொரு சேவை வழியாகவோ அனுப்புங்கள். ஜிமெயில் 2022 மே 30 முதல் சாதாரண பாஸ்வேர்டை இப்படியான ஸ்கிரிப்டுகளுக்கு ஏற்பதில்லை. இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டு, செயலிப் பாஸ்வேர்ட் ஒன்று எடுக்க வேண்டும். சாதாரணக் கணக்கில் நாளுக்கு 500 என்ற எல்லையும் உண்டு, சின்னக் குழுவுக்கு அது தாராளம்.

வழி நான்கு: ஹூக் எழுதும், கிரொன் அனுப்பும்

நாங்கள் நின்றது இதில். ஹூக் செய்வது ஒரே வேலை: ஒரு கோப்பின் அடியில் ஒரு வரி சேர்ப்பது. நேரம், யார், எந்தக் கிளை, பழைய எண், புதிய எண். இணைப்பு தேவையில்லை, கண் இமைக்கும் நேரத்தில் முடியும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கிரொன் (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் லினக்ஸ் கருவி) இன்னொரு ஸ்கிரிப்டை ஓட்டும். அது, சென்ற முறை எந்த வரிவரை அனுப்பினோம் என்று வைத்திருக்கும் குறிப்பைப் பார்த்து, அதற்குப் பிந்திய வரிகளை எடுத்து மெயில் எழுதி போஸ்ட்ஃபிக்ஸிடம் கொடுக்கும். மெயில் ஏற்கப்பட்டால் மட்டும் குறிப்பு முன்னே நகரும். இடையில் கரண்ட் போனால் அதே வரிகள் அடுத்த முறை போகும். ஒரு செய்தி இரண்டு முறை வரலாம். வராமல் போகாது.

சாதாரண மாற்றங்களை மதியத்துக்கும் பின்னேரம் ஐந்து மணிக்குமாக இரண்டு சுருக்க மெயிலாக அனுப்புகிறோம். ஃபோர்ஸ் புஷ், கிளை அழிப்பு இரண்டும் காத்திருப்பதில்லை, அடுத்த பத்து நிமிட ஓட்டத்திலேயே தனி மெயிலாகப் போகும். ஃபோர்ஸ் புஷ்ஷைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை: பழைய கொமிட் புதியதன் முன்னோர் வரிசையில் இருக்கிறதா என்று கிட்டிடமே கேட்கலாம். இல்லை என்றால், ஏதோ பின்தள்ளப்பட்டிருக்கிறது.

ஃபோர்ஸ் புஷ்ஷைச் சேர்வரிலேயே தடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். களஞ்சிய அமைப்பிலேயே அதற்கும் கிளை அழிப்புக்கும் தடை போடலாம், ஆனால் அது எல்லாக் கிளைக்கும் விழும். எங்கள் வேலைக் கிளைகளில் வரலாற்றைத் திருத்துவது வழக்கம் என்பதால், மெயின் கிளைக்கு மட்டும் அப்டேட் ஹூக்கில் தடுத்திருக்கிறோம். மற்றவற்றுக்குப் பதிவேடுதான் காவல்.

பழைய எண்ணை ஏன் கட்டாயம் எழுத வேண்டும்? அது இருந்தால், விலகிப் போன வேலைக்கு மேல் ஒரு புதுக் கிளை போட்டு ஒரு நிமிடத்தில் மீட்கலாம். ஆனால் எந்தக் கிளையிலும் தொடுக்கப்படாத பொருள்கள் வழமைப்படி இரண்டு வாரம் பழையதானால் கிட்டின் துப்புரவில் அழியக்கூடும், ஆகவே செய்தி அன்றே வருவதில் அர்த்தம் இருக்கிறது. கிளைகள் எங்கிருந்து எங்கே நகர்ந்தன என்று கிட் தானே எழுதும் ரெஃப்லொக் இதைச் செய்யாதா என்றால், சேர்வரில் வைக்கும் வெறும் (கோப்புகளின் வேலைப் பிரதி இல்லாத) களஞ்சியத்தில் அது வழமையாக அணைந்தே இருக்கும். ஏற்றி வையுங்கள், கூடுதல் பாதுகாப்பு. ஆனால் கிளையை அழித்தால் அதன் ரெஃப்லொக்கும் கூடவே போய்விடும். தனிக் கோப்பு போகாது.

'யார்' என்ற கட்டம்

இதில்தான் பல பேர் ஏமாறுகிறார்கள். கொமிட்டில் இருக்கும் பெயர், எழுதியவர் தன் கணினியில் தானாகத் தட்டிய பெயர். அதில் யார் பெயரையும் போடலாம். புஷ் கொடுத்தவர் வேறொருவராகவும் இருக்கலாம். எல்லோரும் கிட் என்ற ஒரே கணக்கால் சேர்வருக்குள் வந்தால், பதிவேட்டின் 'யார்' கட்டத்தில் ஆயிரம் தடவையும் கிட் என்றே இருக்கும். ஆளுக்கொரு கணக்கு வைக்கலாம். நாங்கள் கிட்டோலைட் என்ற கருவியைப் போட்டோம். சீதாராம் சாமர்த்தி என்பவர் எழுதியது. ஒவ்வொருவரின் எஸ்.எஸ்.எச். சாவியையும் (சேர்வருக்குள் வரப் பாவிக்கும் அடையாளக் கோப்பு) பார்த்து, ஆள் யார் என்பதை ஹூக்குக்குச் சொல்லிவிடும். தன் பங்குக்கு மாதவாரியாக ஒரு லொக்கும் எழுதும்.

சப்வெர்ஷனில் இந்தக் குழப்பம் குறைவு. சேர்வர் அடையாளம் கண்ட பெயர்தான் பதிவாகும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரிசை எண் உண்டு, வரலாற்றைப் பின்தள்ள முடியாது. போஸ்ட்-கொமிட் ஹூக்குக்குக் களஞ்சியத்தின் இடமும் அந்த எண்ணும் வரும். மிச்சத்தை எஸ்.வி.என்.லுக் என்ற கட்டளை சொல்லும். கவனிக்க வேண்டியது ஒன்று: கொமிட் செய்தியைப் பிறகு திருத்த அனுமதித்தால் பழைய வாசகம் எங்கும் சேமிக்கப்படாது. அதற்கென்றே திருத்தத்துக்குப் பின் ஓடும் தனி ஹூக் இருக்கிறது, பழைய வாசகம் அதற்குள் வரும். அதைப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள். இன்னொன்று, சப்வெர்ஷன் ஹூக்குகள் வெறும் சூழலில் ஓடும், கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியலான பாத் கூட இருக்காது. கையால் ஓட்டினால் வேலை செய்யும், ஹூக்காக ஓடாது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். எல்லாக் கட்டளைக்கும் முழுப் பாதையைக் கொடுங்கள்.

தமிழ் உடையும் இடங்கள்

சங்கங்களுக்கான அறிக்கைப் படிவங்களின் கோப்புப் பெயர்கள் எங்களிடம் தமிழில் இருக்கின்றன. முதல் மெயில் வந்தபோது கோப்புப் பட்டியல் முழுவதும் எண்களாக இருந்தது. 'க' என்ற ஒரு எழுத்து \340\256\225 என்று வந்தது. அது பழுதில்லை: யூ.டி.எஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் 'க' மூன்று பைட், கிட் ஒவ்வொரு பைட்டையும் எண்ம எண்ணாக எழுதிக் காட்டுகிறது. களஞ்சியத்தின் அமைப்பில் கோர்.குவோட்பாத் என்பதை அணைத்தால் தமிழ் தமிழாக வரும். சப்வெர்ஷனில் ஹூக்கின் தொடக்கத்தில் யூ.டி.எஃப்-8 லொக்கேலை (மொழி, எழுத்து அமைப்பை) குறிப்பிட வேண்டும்.

மெயிலின் தலைப்பு இன்னும் சிக்கல். அதில் தமிழை அப்படியே போட முடியாது, குறியாக்கம் செய்து துண்டு துண்டாக வைக்க வேண்டும். ஒரு துண்டு 75 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. கணக்குப் பார்த்தால் ஒரு துண்டில் 15 தமிழ்க் குறியீடுகள்தான் அடங்கும், காலும் கொம்பும் புள்ளியும் அதில் சேர்த்தி. ஷெல்லில் இதைக் கையால் வெட்டப் போனால் ஒரு எழுத்தின் நடுவில் வெட்டு விழுந்து தலைப்புச் சிதறும். பைதனின் மெயில் நூலகம் இதைச் சரியாகச் செய்யும். எங்கள் கிரொன் ஸ்கிரிப்ட் பைதனில் இருப்பதற்கு இது ஒன்றே காரணம்.

கோட் வித்தியாசங்களை மெயிலில் சேர்க்காதீர்கள். எங்கள் சோதனைத் தரவில் ஒருமுறை உண்மையான அடையாள அட்டை எண்கள் கலந்திருந்தன. களஞ்சியத்தில் அதைத் திருத்தலாம். ஐந்து பேரின் இன்பொக்ஸில் போனதைத் திருப்பி எடுக்க முடியாது. கோப்புப் பெயர், கொமிட் செய்தி, யார், எப்போது. இவ்வளவு போதும்.

அப்புறம் நேரம். பழைய பெட்டிகளில் மதர்போர்டின் பட்டறி செத்திருக்கும். கரண்ட் போய் வந்தால் கடிகாரம் பல வருடம் பின்னுக்குப் போகும், இணைப்பு வரும்வரை திருந்தாது. எங்கள் பதிவேட்டில் ஒரு நாள் முழுக்க 2011 என்று வரிகள் விழுந்தன. சி.ஆர்.2032 பட்டறி ஒன்று வாங்கிப் போடுங்கள்.

எது யாருக்கு என்றால், ஒருவர் இருவர் மட்டும், கோட் கிட்ஹப்பில் என்றால் முதல் வழி. சொந்தச் சேர்வர் உண்டு, ஸ்கிரிப்ட் எழுத நேரமில்லை என்றால் கிட்-மல்டிமெயிலும் போஸ்ட்ஃபிக்ஸும், கூடவே ஹூக்கின் முதல் வரியில் பதிவேட்டுக்கு ஒரு வரி. அந்த ஒரு வரியை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். மூன்றாவது வழியை நான் ஒருவருக்கும் சொல்ல மாட்டேன். மற்றவர்களின் பணக் கணக்கு உங்கள் கோட்டில் தங்கியிருக்கிறது என்றால், நான்காவதுக்கு ஒரு நாளை ஒதுக்குங்கள். எங்களுடையது இரண்டு ஸ்கிரிப்டும் சேர்த்து நூறு வரிக்குள் அடங்கியது.

அமைத்து முடித்ததும் இப்படிச் சோதியுங்கள். ரவுட்டரிலிருந்து வெளியே போகும் வயரைக் கழற்றுங்கள். அறைக்குள் இருந்தபடி, ஒரு சோதனைக் கிளைக்கு ஃபோர்ஸ் புஷ் கொடுங்கள். புஷ் தயங்காமல் முடிய வேண்டும், பதிவேட்டில் வரி விழுந்திருக்க வேண்டும். பெட்டியை ஒருமுறை நிறுத்தி ஏற்றுங்கள். வயரைத் திரும்பச் செருகிவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்து வாருங்கள். எல்லோருடைய போனிலும் மெயில் வந்திருக்க வேண்டும், தலைப்பில் 'சோதனைக் கிளை பின்தள்ளப்பட்டது' என்று ஒரு புள்ளியும் சிதறாமல் தெரிய வேண்டும்.